வெங்கடலட்சுமி பம்பின் வளைகோடு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம், கதைக்கு அது ஒன்றும் தடையில்லை. இன்றைக்கு நான் சொல்லப்போவதில் ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது. இரண்டு பம்பு, டீ குடிக்கிற இரண்டு பெரியவர்கள், கட்டம் போட்ட ஒரு தாளில் மூன்று கோடு. சரக்கு அவ்வளவுதான். ஆனால் கேட்டு முடித்த பிறகு வீட்டுக் குழாயைத் திறக்கும்போது ஒரு நிமிடம் நின்று பார்ப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

அன்னூரிலிருந்து டவுன் பஸ் ஏறினால் இருபது நிமிடத்தில் வருகிற ஊர் அது. அந்த ஊருக்குத் தண்ணீர் விடுகிறவர் அங்கப்பன். பஞ்சாயத்து பம்பு அறையின் சாவி இருபத்திரண்டு வருடமாக அவருடைய இடுப்பில்தான் தொங்குகிறது. அவருக்கும் ராமாத்தாளுக்கும் ஒரே மகள், இளவேனில். முப்பது வயது. கோயம்புத்தூர் கணபதியில், பம்பு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில், டெஸ்டிங்கில் வேலை. வாரம் முழுக்க ஹாஸ்டல். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஊர்ப் பஸ்ஸில் ஜன்னலோர சீட்.

அவள் வேலை என்ன தெரியுமா? செய்து முடித்த பம்புகள் அவளிடம் வரும். தண்ணீர் வெளிவரும் வழியில் இருக்கிற வால்வை மூட மூட, உயரத்துக்குத் தள்ளுவது போலவே பம்புக்குச் சுமை ஏறும்; அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே, இத்தனை உயரத்துக்குத் தள்ளும்போது நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள்வாள். உயரம் குறைவாக இருந்தால் பம்பு தண்ணீரை வாரி இறைக்கும். உயரம் ஏற ஏறத் தண்ணீர் சுருங்கும். ஓர் உயரம் வரும்போது ஒரு சொட்டும் வராது, சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். இந்தப் புள்ளிகளையெல்லாம் சேர்த்தால் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிகிற ஒரு வளைகோடு கிடைக்கும். அதுதான் அந்தப் பம்பின் ஜாதகம்.

கம்ப்யூட்டரே வரைந்து தந்துவிடும். இருந்தாலும் இளவேனில் பென்சிலால் ஒருமுறை கிராப் ஷீட்டில் போட்டுப் பார்க்காமல் விடமாட்டாள். உடன் வேலை செய்கிற பூஜிதா கிண்டல் செய்வாள்: "உனக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப போட்டோவே வேண்டாம் புள்ள. அந்தப் பையனை ரெண்டு கோடாப் போட்டுக் குடுத்துட்டாப் போதும்."

"கோடு பொய் சொல்லாதுல்ல" என்பாள் இவள்.

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாத டிவியை யார் பார்ப்பார்கள்? இளவேனில் நேராக அடுப்படிக்குப் போனாள்.

"அம்மா, அப்பாவுக்கு என்னாச்சுங்க?"

ராமாத்தாள் குழம்பைக் கிளறிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "உங்கப்பா பத்து நாளா ஒத்த டம்ளர்ல டீ குடிக்கறாரு" என்றாள்.

இது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் கோவிந்தராஜுலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் பெரிய தோட்டக்காரர், எழுபத்தெட்டு வயது. வாலிபத்தில் அங்கப்பன் அவர் தோட்டத்தில்தான் தண்ணீர் கட்டினார். அந்தக் காலத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் நின்றிருப்பார். அங்கப்பனுக்குப் பஞ்சாயத்து வேலை வந்து, மகள் பள்ளிக்கூடம் போய், காலம் மெல்ல நகர்ந்து, ஒரு நாள் காலை நடைக்குப் போன கோவிந்தராஜுலு பம்பு அறைக்கு வெளியே கிடந்த உடைந்த சிமென்ட் குழாயின் மேல் உட்கார்ந்தார். பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, "உக்காரு அங்கப்பா" என்றார். ராமாத்தாள் கொடுத்தனுப்பிய பிளாஸ்கில் இரண்டு டம்ளர் டீ. அன்றிலிருந்து பதினைந்து வருடம், மழை நாள் தவிர, காலை ஆறரைக்கு அதே குழாய், அதே இரண்டு டம்ளர். அது சும்மா வந்த டீ இல்லை கண்ணுகளா.

அந்த டீ நின்றுபோயிருந்தது. காரணம் ஒரு பம்பு.

ஊரின் தண்ணீர்த் தொட்டி ஒரு மேட்டின் மேல் தூண் கட்டி நிற்கிறது. கீழே பம்பு அறைக்குப் பின்னால் தரைத்தொட்டி. அதிலிருந்து பழைய பம்பு, இரண்டு ஹெச்.பி., காலை ஆறு மணிக்கு ஏற்றத் தொடங்கினால் மேல்தொட்டி நிறைய எட்டு இருபது ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் மேட்டுத்தெருவுக்குத் திறக்க முடியும். அந்தத் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் மில் வேனோ கருமத்தம்பட்டிக்கு எட்டு மணிக்கே கிளம்பிவிடும். தண்ணீர் வரும்போது குடம் இருக்கும், பிடிக்க ஆள் இருக்காது.

போன வருடம் காலமான கோவிந்தராஜுலுவின் மனைவி வெங்கடலட்சுமி இதைச் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டவர். அதனால் அவருடைய முதல் வருட நினைவு நாளில் கோவிந்தராஜுலு மூன்று ஹெச்.பி. பம்பு ஒன்றை ஊருக்கு வாங்கிக் கொடுத்தார். பழைய பம்புக்குப் பக்கத்திலேயே, சாலையில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி, சரிக்குச் சமமாக உட்கார வைத்தார்கள். மேலே சிவப்புப் பெயின்டில் 'வெங்கடலட்சுமி நினைவாக' என்று எழுதி, இரண்டு பம்புக்கும் மாலை போட்டு, இரண்டின் குழாயையும் ஒன்றாகச் சேர்த்து, ஸ்விட்சைப் போட்டார்கள். ரெண்டும் மூணும் அஞ்சு ஹெச்.பி., ஏழு மணிக்கெல்லாம் தொட்டி நிறைந்துவிடும் என்று ஊரே காத்திருந்தது. நிறையவில்லை. எட்டு இருபதுக்கே நிறைந்தது. மறுநாளும் எட்டு இருபது.

நாலாம் நாள் கோவிந்தராஜுலு வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே வந்து பார்த்திருக்கிறார். பழைய பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. மனைவி பெயர் எழுதிய பம்பு நிறுத்தி வைத்திருக்கிறது.

"நிறுத்தி வெச்சுப்போட்டுத்தான் தண்ணி ஏறலையின்னு கதை உட்டியாக்கும்?" என்று கேட்டாராம். "என்ற பொண்டாட்டி பேரு உனக்கு அவ்வளவு கனமாப் போச்சா அங்கப்பா?"

அங்கப்பன் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அன்றைக்குப் போனவர்தான்.

ராமாத்தாள் கதையை முடித்து, கண்ணைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு, "மிளகாய்க் காரம்" என்றாள். அடுப்பில் இருந்தது மோர்க்குழம்பு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இளவேனில் அப்பாவோடு பம்பு அறைக்குப் போனாள். பையில் எத்தனை மீட்டர் உயரத்துக்குத் தள்ளுகிறது என்று காட்டும் பிரஷர் கேஜ், அளக்கிற டேப், கிராப் ஷீட், பென்சில். சிமென்ட் குழாயின் மேல் ஒரே ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பம்பை நீங்கதான் நிறுத்துனீங்களா?"

கேட்கும்போதே அவளுக்கு நாக்கு கூசியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்பாவுக்கு அந்தப் புதுப் பம்பின் மேல் பொறாமையோ என்று அவளும் நினைத்துவிட்டாள். அங்கப்பன் அதைக் கண்டுகொண்டார். ஆனால் கோபப்படவில்லை. இரண்டு ஸ்விட்சையும் போட்டார். பத்து நிமிடம் ஓடவிட்டார். பிறகு, "தொட்டுப் பாரு கண்ணு" என்றார்.

பழைய பம்பின் உடம்பு ஜில்லென்று இருந்தது. வெங்கடலட்சுமி பம்பைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்படிச் சுட்டது.

"இன்னுங் கொஞ்ச நேரம் ஓடுனாக் கருகிப்போயிரும் போல. மேல அந்தம்மா பேரு எழுதியிருக்குது. அது கருகறதை நான் பாத்துட்டு நிக்கறதா? அதான் நிறுத்திப்போட்டேன்."

"இதை அய்யாகிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"என்னன்னு சொல்றது? உங்க ஊட்டம்மா பம்பு ஒரு சொட்டும் எடுக்கலீங்கன்னா?" அங்கப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்தம்மா கையில எத்தனை நாள் சோறு தின்னிருக்கறேன். அந்த வார்த்தை என்ற வாயில வரலை சாமி."

இளவேனில் வேலையில் இறங்கினாள்.

தரைத்தொட்டி இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். வரத்துக் குழாயை மூடிவிட்டு, டேப்பை உள்ளே தொங்கவிட்டு, பத்து நிமிடத்தில் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தாள். பழைய பம்பு மட்டும் ஓடும்போது முப்பத்தைந்து சென்டிமீட்டர். நிமிடத்துக்கு நூற்று நாற்பது லிட்டர். இரண்டையும் ஓடவிட்டாள். அதே முப்பத்தைந்து. ஒரு நூல் அதிகமில்லை. பிறகு ஒவ்வொரு பம்பையும் தனித்தனியாக, வால்வைத் திருகித் திருகி, கேஜைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். ஒன்பது மணிக்கு ராமாத்தாள் இட்லித் தூக்கோடு வந்தபோது, மகள் சிமென்ட் குழாயில் சம்மணமிட்டு, மடியில் அட்டை வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க ரெண்டு பேரும். கீழ, குறுக்கால போறது தண்ணி, நிமிசத்துக்கு இத்தனை லிட்டர். நெட்டுக்குத்தா நிக்கறது உயரம். இது பழைய பம்போட கோடு. இருபத்தாறு மீட்டர்ல தொடங்கிக் கீழ வருது. இது அந்தம்மா பம்பு. தண்ணி வாரி எறைக்குது பாருங்க, கோடு எவ்வளவு தூரம் வலப்பக்கம் போகுதுன்னு. ஆனா பதினஞ்சு மீட்டர்லயே தொடங்குது. அதுக்கு மேல இந்தக் கோடே கெடையாது."

"இது என்னது, ஏறிட்டுப் போறது?" என்று மூன்றாவது கோட்டைத் தொட்டாள் ராமாத்தாள்.

"அது நம்ம டேங்க் கேக்கறது. ஒரு சொட்டு ஏத்தறதுக்கே இருபது மீட்டர் வேணும். தண்ணி எச்சாப் போகப் போக, குழாய்க்குள்ள உரசல் எச்சாகும். அதனால கோடு மேல ஏறுது."

பக்கத்தில் பக்கத்தில் வைத்த பம்புகளைக் கூட்டும்போது குறுக்காகக் கூட்ட வேண்டும். ஓர் உயரத்தை எடுத்துக்கொண்டு, அந்த உயரத்தில் இது எத்தனை லிட்டர், அது எத்தனை லிட்டர் என்று சேர்க்க வேண்டும். இளவேனில் அப்படித்தான் சேர்த்தாள். பதினைந்து மீட்டருக்குக் கீழே சேர்ந்த கோடு சட்டென்று வலப்பக்கம் அகலமாக விரிந்தது. பதினைந்துக்கு மேலே பழைய பம்பின் கோடு மட்டும் தனியாக நின்றது. டேங்கின் கோடு வந்து வெட்டியதும் அந்தத் தனிக்கோட்டைத்தான், நூற்று நாற்பதில்.

"இல்லாத கோட்டை எதோட கூட்டறது? அதான் ஒண்ணும் எச்சாகலை. அந்தப் பம்பு தள்ளுது, ஆனா பழைய பம்போட அழுத்தம் அதோட வாய மூடிப்போடுது. உள்ள இருக்கற தண்ணியையே கடைஞ்சு கடைஞ்சு சூடாகுது."

ராமாத்தாள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அங்கப்பன் ஆறடி, அவள் அவர் தோளுக்கும் கீழே.

"பரண் மேல மூட்டை ஏத்தற மாதிரிதான? இவரு கைக்குப் பரண் எட்டும். எனக்கு எட்டாது. நானும் இவரு பக்கத்துல நின்னு கைய ஆட்டிட்டிருந்தா மூட்டை ஏறுமா? எனக்கு வேர்க்கத்தான் செய்யும். நான் கீழயிருந்து தூக்கிக் குடுக்கோணும், இவரு வாங்கி மேல வெக்கோணும்."

இளவேனில் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். "அம்மா, நீங்க எங்க கம்பெனிக்கு வந்துபோடுங்க. நான் ஊட்டுல மோர்க்குழம்பு வெக்கறேன்."

"உன்ற மோர்க்குழம்பைக் குடிக்கறதுக்கு நாங்க தண்ணியில்லாமயே இருந்துக்குவோம்" என்றார் அங்கப்பன். பத்து நாளில் அவர் சொன்ன முதல் கிண்டல் அது.

புதிய தாள் எடுத்தாள். இந்த முறை நெட்டுக்குத்தாகக் கூட்டினாள். ஒரு பம்பின் தண்ணீர் இன்னொன்றுக்குள் போனால் இரண்டிலும் ஓடுவது ஒரே தண்ணீர். உயரம்தான் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். நூறு லிட்டரில் இது இவ்வளவு உயரம், அது இவ்வளவு, சேர்த்து ஒரு புள்ளி. நூற்றைம்பதில் ஒரு புள்ளி. இருநூறில் ஒன்று. சேர்ந்த கோடு நாற்பத்தொரு மீட்டரில் தொடங்கி நிதானமாக இறங்கி வந்தது. டேங்கின் கோடு அதை வெட்டிய இடத்தில் சின்ன வட்டம் போட்டாள். இருநூற்று ஐம்பது லிட்டர். பழைய பம்பின் உடம்பு அந்த அழுத்தத்தைத் தாங்கும், மோட்டாரும் தாங்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டு உறுதி செய்துகொண்டாள்.

"ஏழு இருபதுக்கு டேங்க் நெறைஞ்சிரும்" என்றாள்.

அங்கப்பன் சந்தோஷப்படவில்லை. "அப்படீன்னா அந்தம்மா பம்பை ரோட்டோரத்துலயிருந்து எடுத்து, பின்னாடி தரைத்தொட்டிகிட்ட வெக்கோணுமா? பேரே யாருக்கும் தெரியாதே. அவருகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

"நான் போறேன்" என்றாள் இளவேனில்.

கோவிந்தராஜுலுவின் வீட்டில் மருமகள் ஷ்ரவ்யா கதவைத் திறந்தாள். பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். இளவேனிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே எதுவோ ஞாபகம் வந்தது போல் இறுகியது.

"வா அம்மணி. உங்கொப்பன் தூது உட்டானா?"

"இல்லீங்க அய்யா. நானா வந்தேனுங்க. ஒரு கிராப் காட்டோணுங்க."

காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மண்ணையும் தண்ணீரையும் அறுபது வருடம் பார்த்த மனிதர். புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை. அதுதான் சங்கடம்.

"மூணு ஹெச்.பி. பெருசில்லியா?"

"பெருசுதானுங்க. வாய்க்கால்ல வெச்சா ஊரே வேடிக்கை பாக்குமுங்க. ஆனா உயரம் ஏறாதுங்க."

"கடையில ஓட்டிக் காட்டுனான். தண்ணி தொடைத் தண்டிக்கு விழுந்துச்சு. லச்சுமிக்கு அப்படி விழுந்தாத்தான் புடிக்கும். அதான் வேற எதையும் பாக்கலை." தாளை மடியில் வைத்தார். "அப்ப அவ பேர்ல நான் வாங்கி வெச்சது ஒண்ணுக்கும் ஆகாதது. அப்படித்தான?"

"அப்படியில்லீங்க அய்யா." இளவேனில் இரண்டாவது தாளை எடுத்து மேலே வைத்தாள். "வெச்ச எடந்தானுங்க தப்பு. இடம் மாத்துனா, பழைய பம்பு ஏத்தற தண்ணி கிட்டத்தட்ட ரெண்டு பங்காயிருமுங்க. ஆனா இதைப் பின்னாடி, தரைத்தொட்டிகிட்ட வெக்கோணுங்க. ரோட்டுக்குப் பேரு தெரியாதுங்க."

அவர் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஷ்ரவ்யா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அன்னைக்கு உங்கொப்பன் அதை நிறுத்தி வெச்சிருந்தான்."

"நெம்பச் சூடாயிருச்சுங்க. இன்னும் ஓடுனாக் கருகியிருக்குமுங்க. அம்மா பேரு எழுதுன பம்பு கருகறதைப் பாக்க முடியாதுன்னு நிறுத்துனாருங்க."

"அதை ஏன் அந்தக் கழுதை என்கிட்டச் சொல்லலை?"

"அம்மா பம்பு தண்ணி எடுக்கலையின்னு சொல்ற வார்த்தை வாயில வரலையாமுங்க."

கோவிந்தராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டாவது தாளில் விரலை வைத்து, "தொட்டித் தண்ணி மொதல்ல எந்தப் பம்புக்குள்ள போகும்?" என்று கேட்டார்.

"அம்மா பம்புக்குள்ளதானுங்க. அங்கயிருந்துதான் பழைய பம்புக்கே போகுமுங்க. காலையில ஸ்விட்ச் போடறப்பக்கூட இதைத்தானுங்க மொதல்ல போடோணும்."

"அப்ப ஊர்ல மொதத் தண்ணி எடுக்கறது அவதான்" என்றார் பெரியவர். "ஷ்ரவ்யா, அந்தக் காப்பிய அம்மணிக்குக் குடு. ஆறிப்போயிரும்."

இளவேனில் இரண்டு நாள் லீவு போட்டாள். திங்கட்கிழமை தொட்டி நிறைந்த பிறகு, பிளம்பர் மதன்குமார் வந்து பகல் முழுக்கக் குழாய் அறுத்து, பம்பை நகர்த்தி, மாற்றிப் பொருத்தினான். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு முன்பே கோவிந்தராஜுலு தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். அங்கப்பன் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றார். பார்வை தரையில்.

"ஏன்டா என்கிட்டச் சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே அய்யா. நீங்களே சொல்லிப்போட்டீங்க."

பெரியவர் அதை வாங்கிக்கொண்டார். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "தப்புத்தான் அங்கப்பா" என்றார். "பதினஞ்சு வருசம் டீ குடிச்சும் உன்னைத் தெரிஞ்சுக்காமப் போயிட்டேன். மனசுல வெச்சுக்காதே."

அங்கப்பன் வெங்கடலட்சுமி பம்பின் ஸ்விட்சிலிருந்து விலகி அவருக்கு வழி விட்டார். "நீங்க போடுங்க" என்றார்.

பெரியவர் போட்டார். பிறகு அங்கப்பன் பழைய பம்பைப் போட்டார். குழாய் ஒருமுறை குலுங்கி அடங்கியது. இளவேனில் தொட்டிக்குள் டேப்பைத் தொங்கவிட்டு, செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். பத்து நிமிடத்தில் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். தாளில் போட்ட சின்ன வட்டத்துக்கு அரை சென்டிமீட்டர்தான் குறைவு. வெங்கடலட்சுமி பம்பைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

ஏழு இருபதுக்கு மேல்தொட்டி நிறைந்தது. ஏழரைக்கு மேட்டுத்தெருவிலிருந்து பாவாத்தாள், மில்லுக்குப் போகத் தலைவாரிய கோலத்திலேயே, "அங்கப்பண்ணா, தண்ணி வந்துருச்சுங்கோ, குடம் பத்தலைங்கோ!" என்று கத்தியது கீழேவரை கேட்டது.

"குடம் பத்தலையாம்" என்றார் கோவிந்தராஜுலு. சிமென்ட் குழாயின் மேல் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார்.

ராமாத்தாள் அன்றைக்கு பிளாஸ்கோடு இரண்டு டம்ளர் கொடுத்தனுப்பியிருந்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளாகவே வைத்திருந்தாள்.

இன்றைக்கும் காலையில் முதல் ஸ்விட்சைப் போடப் பெரியவர்தான் வருகிறார். அந்த இரண்டு கிராப் தாளும் பம்பு அறைச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. புதிதாக வருகிறவர்களுக்கு அங்கப்பன் பெருமையாக விளக்குவார். பாதி தப்பாகத்தான் விளக்குவார். இளவேனில் திருத்துவதில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போகும் முன் இதைக் கேட்டுக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் தொடைத் தண்டிக்கு விழட்டும். மேல் மாடிக்கும் எட்டட்டும். உங்கள் வீட்டில் எட்டுகிறவர்களும் எட்டாதவர்களும் ஒருவருக்கொருவர் எடுத்துக் கொடுத்து, வாங்கி வைத்து, ஒன்றாகவே இருக்கட்டும். கோபித்துக்கொண்டு போனவர் யாராவது இருந்தால், அவருடைய டம்ளர் கழுவிக் காத்திருக்கட்டும். அவர் வந்து சேரும்வரை டீ ஆறாதிருக்கட்டும். நல்லா இருங்க, சாமிகளா.